சாம்பல் நிற ஓரம்

மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கிய இடத்தில்தான் பின்சக்கரம் முதன்முறையாக நெளிந்தது. திருவான்மியூரிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தேன்; மதியச் சாப்பாடு புதுச்சேரியில் என்பது திட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தாயிற்று. ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்தபோது, ஈரக் களிமண்ணில் கால் வைத்ததுபோல் பின்பக்கம் வழுக்கிக்கொடுத்தது. இறங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். டயர் பழுத்த கொய்யாவைப்போல் அமுங்கியது. முள் இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை, டியூப் இல்லாத அந்த டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றியிருந்த சீலண்ட் திரவம் கசிந்த வெள்ளைத் தடமும் இல்லை. கைப் பம்பால் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன். பதினைந்து கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கினேன். அதற்கடுத்தது பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு ஸ்போக் கம்பியின் அடியில், அதை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள் என்ற சிறு திருகைச் சுற்றி, பால் பொங்குவதற்குச் சற்று முன் பாத்திர விளிம்பில் கட்டுமே, அந்த மாதிரி ஒரு சின்ன நுரை வளையத்தைக் கண்டேன். டயர் நன்றாகவே இருந்தது. காற்று ரிம்முக்குள் புகுந்து, ஸ்போக் துளை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தத் துளைகளை மூட ரிம்முக்குள் ஒட்டியிருந்த டேப் விட்டுவிட்டது.

சாலையோரப் புளிய மர நிழலில் டயரைக் கழற்றி, சீலண்டை வழித்துவிட்டு, பையிலிருந்த டியூபைப் போட்டுப் பயணத்தை முடித்தேன். அது பெரிய விஷயமில்லை. என்னை விடாமல் அரித்தது வேறு. அந்த டேப்பை நான் என் கையால் ஒட்டி ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதே சைக்கிளின் முன்சக்கரத்தில், அதே சுருளிலிருந்து, அதே கையால் ஒட்டிய டேப் ஓர் ஆண்டுக்கு மேலாக அசையாமல் இருந்தது. ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று ஏன் விட்டது என்ற கேள்விக்கு விடை தெரிய எனக்கு நான்கு மாதங்களும் மூன்று முறை பிரித்து ஒட்டும் உழைப்பும் ஆயின.

பெயர் ஒன்று, வேலை வேறு

ரிம் டேப் என்ற பெயரே பலரையும் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். நம் ஊர் சைக்கிள் கடைகளில் பழைய டியூபை நீளவாக்கில் நறுக்கி ரிம்முக்குள் வளையமாகப் போடுவார்கள். துணிப் பட்டையும் உண்டு. ஸ்போக் முனை டியூபைக் குத்தாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. கொஞ்சம் நகர்ந்தாலும் கிழிந்தாலும் டியூபுக்குள் காற்று இருக்கும்வரை சக்கரம் ஓடும். டியூப்லெஸ் சக்கரத்தில் டியூபே இல்லை. காற்றுக்கும் ஸ்போக் துளைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர் அந்த டேப்தான். 1999-இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் யூஎஸ்டி என்ற பெயரில் மலைப்பாதை சைக்கிள்களுக்கு டியூப்லெஸ் சக்கரத்தைக் கொண்டுவந்தபோது, ரிம்மின் உட்சுவரில் ஸ்போக் துளைகளே இல்லாதபடி வடிவமைத்தது. துளை இல்லாததால் டேப்பும் வேண்டியிருக்கவில்லை. துளையுள்ள சாதாரண ரிம்மையும் டேப்பாலும் சீலண்டாலும் காற்றுப் புகாததாக்கலாம் என்ற வழியைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் ஸ்டான் கோசியாடெக். இன்று நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது அந்த வழியில் வந்த சக்கரங்களைத்தான்.

அந்தச் சுவர் தாங்கும் சுமையை ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் டயரில் 60 பிஎஸ்ஐ காற்று. ரிம்மின் உட்சுவரில் ஒவ்வொரு ஸ்போக் துளையும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் விட்டம். அந்த ஒற்றைத் துளையின் மேல் காற்று கொடுக்கும் அழுத்தம் இரண்டரைக் கிலோவுக்கும் மேல். சுண்டுவிரல் நகம் அளவுள்ள டேப்பின் மேல் இரண்டரைக் கிலோ அரிசிப் பையை வைத்து, அதை எடுக்காமலே விட்டுவிடுவதற்குச் சமம். அப்படி 28 துளைகள், இரவும் பகலும். பழைய டேப்பைப் பிரிக்கும்போது துளை இருந்த இடமெல்லாம் பணியாரக் குழிபோல் பள்ளம் விழுந்திருப்பது இதனால்தான்.

நான் வழக்கமாகப் போகும் கடையின் மெக்கானிக் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ரிம் கோணலை விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கை எனக்கு வராது. மரக்காணத்துக் கதையைச் சொன்னபோது, “டேப் விட்டால் இன்னொரு சுற்று சேர்த்துச் சுற்றுங்கள் தம்பி, நிற்கும்” என்றார். சுற்றினேன். மூன்று நாளில் காற்று இறங்கியது. முழுவதையும் பிரித்துவிட்டுப் புதிதாக இரண்டு சுற்று ஒட்டினேன். ஒரு வாரம் நின்றது. மூன்றாம் முறை, சக்கரத்தை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தேன். வால்வுத் துளையிலிருந்து வந்தது. வால்வை மாற்றினேன். அடுத்த முறை ஒரு நிப்பிளிலிருந்து வந்தது. அதன் பிறகு வேறொரு நிப்பிளிலிருந்து. மாடி ஒழுகும் வீட்டில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மழைக்காலத்தில் தண்ணீர் கூடத்து மின்விசிறிக்கு மேல் சொட்டும். விரிசலோ மொட்டை மாடியின் வேறு மூலையில் இருக்கும். ரிம்மும் உள்ளே கூடான ஒரு குழாய். காற்று எங்கேயோ புகுந்து, தனக்கு எளிதான துளையில் வெளியே வரும். குமிழி வரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் காற்று புகும் இடம் கடைசிவரை தெரியாது.

ஜன்னல் கண்ணாடியில்

நான்காவது முறை ஒட்டலாம் என்று ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்தேன். ரிம்மைத் துடைத்தாகிவிட்டது. டேப் சுருளை எடுத்து, முனையைத் தேடிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். மேற்குப் பார்த்த ஜன்னல். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சுருளின் மேற்பரப்பு மஞ்சளாகப் பளபளத்தது, வாங்கிய நாளில் இருந்ததைப் போலவே. பக்கவாட்டில் திருப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. டேப்பின் நூற்றுக்கணக்கான சுற்றுகளின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் அந்த வட்டமான பக்கம் முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. நகத்தால் கீறினேன். நறநறவென்றது. நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அதில் மெல்லிய நூல் ஒன்றும் இருந்தது, துவைத்துக் காயப்போட்ட துணியிலிருந்து பறந்து வந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு சாண் டேப்பைக் கிழித்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, பால்கனிப் பக்கம் போய்க் கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பார்த்தேன். பசை நன்றாகப் பிடித்த இடம் கண்ணாடியோடு கலந்து ஒரே நிறமாகத் தெரியும். பிடிக்காத இடத்தில் காற்று மாட்டிக்கொண்டு வெளிறித் தெரியும். டேப்பின் நடுப்பகுதி ஒரே நிறம். இரண்டு ஓரங்களிலும், முழு நீளத்துக்கும், புடவைக் கரைபோல் ஒரு வெளிறிய கோடு. அளந்தேன், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கோட்டுக்குள் புள்ளி புள்ளியாகத் தூசி. அங்கே பசை செத்திருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ரிம்மின் உள்அகலம் 21 மில்லிமீட்டர், டேப் 23 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல். அதிலும் ரிம்மின் நடுவே ஓடும் பள்ளத்தில் டேப் இறங்கி ஏறும்போது கொஞ்சம் போய்விடும். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தில், டேப்பின் அந்த ஓரத்தின் மேல்தான் அமர்ந்து அதை அழுத்திப் பிடிக்கிறது. காற்றை நிறுத்துவது அந்த மெல்லிய கீற்று. டேப்பின் நடுவில் பசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை. காற்று ஓரத்தின் அடியில் நுழைந்து, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பி, முதல் ஸ்போக் துளையை எட்டிவிடும். சீலண்டும் பின்னாலேயே போகும். முன்சக்கரத்துக்கு ஒட்டியபோது சுருள் புதிது; ஓரம்வரை பசை உயிரோடு இருந்தது. பின்சக்கரத்துக்கு, டயர் மாற்றும்போது அதை நெம்பும் லீவர் பட்டுக் கிழிந்ததால், பதினான்கு மாதம் கழித்து அதே சுருளிலிருந்து எடுத்து ஒட்டினேன். அந்தப் பதினான்கு மாதமும் சுருள் எங்கே இருந்தது? பால்கனியில், சைக்கிள் சாமான்களோடு, ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் ஒரு கிலோமீட்டர் தொலைவில். பக்கத்தில் துணி காயும் கொடி.

மூன்று முறையும் ரிம்மைத் துடைத்தேன், வால்வை மாற்றினேன், இழுத்து ஒட்டும் விதத்தை மாற்றினேன். சுருளை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. அது தீர்ந்துபோகும், கெட்டுப்போகாது என்றே என் மனத்தில் பதிந்திருந்தது.

அப்பளப் பெட்டி

ஒட்டுநாடா செய்பவர்கள் இதையெல்லாம் எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். சுமார் 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம், தூசியும் நேர் வெயிலும் படாத இடம், தயாரித்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது பல நாடாக்களுக்கும் சொல்லப்படும் பொதுவான விதி. சென்னையில் குளிர்பதன அறை தவிர வேறெங்கும் அந்த நிலை கிடைக்காது. மே மாதத்தில் 40 டிகிரியை எட்டும் ஊர் இது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் அதைவிடச் சுடும். சூட்டில் பசை இளகி ஓரத்தில் பிதுங்குகிறது. பிதுங்கிய பசை தூசியைப் பிடிக்கிறது. இழுத்துச் சுற்றப்பட்ட நாடா தளர்ந்து, சில சுருள்களில் நடுப்பகுதி ஒரு பக்கமாகப் பிதுங்கி வரும். நிறுத்தி வைத்தால் தரையில் படும் பக்கம் தட்டையாகிவிடும்.

வீட்டில் இதற்கு விடை சமையலறையில் இருந்தது. குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் அம்மா அதை ஃப்ரீசரில் போட்டு எடுத்து மாட்டுவார். இரண்டொரு மாதம் கூடுதலாக உழைக்கும். அதைப் பார்த்துத்தான் நான் புதிதாக வாங்கிய சுருளை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன். ஒரு மே மாதக் காலையில் எடுத்து நேராக ஒட்ட உட்கார்ந்தேன். குளிர்ந்த நாடாவின் மேல் சென்னைக் காற்றின் ஈரம் உடனே பனியாகப் படர்ந்துவிட்டது. டேப் ரிம்மில் பிடிக்காமல் நழுவியது. அதைச் சொன்னபோது அம்மா, “கேஸ்கட் ரப்பர், துடைத்துவிட்டு மாட்டலாம். இது அப்பளம் மாதிரி. காற்றே படக் கூடாது” என்றார். இத்தனை வருடமும் எங்கள் வீட்டு அப்பளம் நமுத்துப் போகாமல் இருப்பதன் காரணம் மூடி இறுக்கமான அந்த எவர்சில்வர் தூக்குதான். அவர் பழைய தூக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது டேப் அதில்தான் இருக்கிறது. சுருளைப் படுக்க வைக்கிறேன், மேலும் கீழும் ஸ்டிக்கர் உரித்தபின் மிஞ்சும் வழவழப்பான தாளை வட்டமாக வெட்டிப் போடுகிறேன். பசை பிதுங்கினாலும் அந்தத் தாளில் ஒட்டாது, தூசிக்கும் வழியில்லை. மருந்து பாட்டில்களிலும் புது செருப்புப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. தூக்கு இருப்பது படுக்கையறை அலமாரியின் கீழ்த் தட்டில், வெளிச்சுவரை ஒட்டாத பக்கம். வீட்டிலேயே அதிகம் சூடேறாத இடம் அது; தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். மூடியின் உட்பக்கம் வாங்கிய தேதி. இன்னொன்றையும் மாற்றிக்கொண்டேன். நாங்கள் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 50 மீட்டர் சுருள் வாங்குவோம், மீட்டர் கணக்கில் மலிவு என்று. ஒரு சக்கரத்துக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் ஆகும். இருபதுக்கும் மேற்பட்ட சக்கரங்களுக்கு வரும் அந்தச் சுருள் எங்களிடம் தீர ஐந்தாறு வருடம் பிடிக்கும். அதில் முக்கால்வாசியும் கெட்டபின்தான் ரிம்முக்குப் போகும். இப்போது பத்து மீட்டர் அளவில்தான் வாங்குகிறேன். மலிவு என்று நாங்கள் நினைத்தது மலிவே அல்ல.

ஒட்டும் நாள்

ஒட்டும் முறையைப் பற்றி நிறையப் பேர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உள்ள இடங்களை மட்டும் சொல்கிறேன். பழைய பசையை எடுக்க நீலகிரித் தைலத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. பஞ்சில் நனைத்துப் பத்து நிமிடம் வைத்தால் பசை கூழாகி வந்துவிடும். மண்ணெண்ணெய்போல் வாசனை வீட்டைக் கெடுக்காது. ஆனால் தைலமும் எண்ணெய்தான். அதன் சுவடு இருந்தால் புதுப் பசை பிடிக்காது. ரிச்சி தெருவில் செல்போன் பழுதுபார்ப்பவர்களுக்கு விற்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைக்கிறேன், ஒவ்வொரு முறையும் புதுத் துணி. வெள்ளைத் துணியில் நிறம் ஏறாமல் வரும்வரை அடுத்த வேலைக்குப் போவதில்லை.

சுருளின் வெளிச்சுற்று ஒன்றை முழுவதுமாக வெட்டி எறிகிறேன். அதற்குக் கை கூசக் கூடாது. மழைநாளில் ஒட்டுவதில்லை. ரிம்மை அரை மணி நேரம் வெயிலில் வைத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டுகிறேன். வால்வுத் துளைக்கு ஒரு கை முன்னால் தொடங்கி, மறுபக்கம் ஒரு கை தாண்டி முடிக்கிறேன். துளையின் மேல் இரண்டு அடுக்கு வரும். இழுக்கும்போது நாடா கொஞ்சம் நீண்டு, பள்ளத்தில் தானாகவே படிய வேண்டும். சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தை நீவிச் சரிசெய்ய முயல்வதில்லை, பின்னோக்கிப் பிரித்து மறுபடி இழுக்கிறேன். அகலம் இப்போது 25 மில்லிமீட்டர். வால்வுக்குத் துளையிடக் கத்தி எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கத்தி போட்ட கீறலின் முனையிலிருந்து கிழிசல் ஓடும். சாக்குத் தைக்கும் கோணி ஊசியை அடுப்புத் தணலில் காட்டிக் குத்தினால் பிளாஸ்டிக் உருகி, துளையின் ஓரம் தடித்த வளையமாக இறுகிவிடும். அந்த வளையம் கிழியாது.

கடைசியாக, டியூபைப் போட்டு டயரை மாட்டி, முழுக் காற்று அடித்து ஓர் இரவு வைக்கிறேன். டியூப் உள்ளிருந்து டேப்பின் ஒவ்வொரு பகுதியையும் ரிம்மோடு அழுத்துகிறது. காலையில் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை உருவிவிட்டு, வால்வைப் பூட்டி, சீலண்ட் ஊற்றுகிறேன். சக்கரத்தைச் சில மாதம் சும்மா வைக்க நேர்ந்தாலும் காற்றோடுதான் வைக்கிறேன். காற்றில்லாமல் கிடக்கும் சக்கரத்தில் டேப்பை அழுத்துவது யாரும் இல்லை. தேங்கிய சீலண்ட் மெல்ல அதன் அடியில் புகும்.

கண்ணாடிச் சோதனையை அண்ணனின் கடையில் செய்து காட்டினேன். கடைச் சுவரில் தொங்கிய சுருளிலிருந்து ஒரு துண்டு, என் தூக்கிலிருந்து ஒரு துண்டு, இரண்டையும் கடை முகப்புக் கண்ணாடியில் அருகருகே ஒட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெளியே தெருவில் நின்று நெடுநேரம் பார்த்தார். “முப்பது வருடமாகச் சுருளை முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன்” என்றார். அன்று மாலையே ஆணியிலிருந்த சுருள்கள் இறங்கிவிட்டன.

ஆனால் ஒரு விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. சீலண்ட் மாற்றும்போதே டேப்பையும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர் நடுவழியில் நிற்கக் கூடாது என்ற கவலை அவருக்கு. நல்ல நாடா நன்றாக ஒட்டிய பின் ரிம்மில் இருட்டில், காற்றழுத்தத்தில், தூசி படாமல் இருக்கிறது. அதைப் போன்ற பாதுகாப்பான இடம் எந்த அலமாரியிலும் கிடையாது என்பது என் வாதம். நின்றுகொண்டிருக்கும் டேப்பைப் பிரித்து அந்த இடத்தில் இன்னொன்றை ஒட்டுவது, நன்றாக நிற்கும் சுவரை இடித்துக் கட்டுவது. டயர் கழற்றும்போது ஓரத்தைப் பார்க்க வேண்டும், லீவர் பட்டிருக்கிறதா என்று தடவ வேண்டும். கிளம்பியிருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும், ஒட்டுப் போடக் கூடாது. அதற்கு மேல் தேதி வைத்து மாற்றுவதை நான் ஏற்கவில்லை.

போன மாதம் முன்சக்கரத்து டயர் தேய்ந்துபோனதால் அவர் கடைக்கே கொண்டுபோனேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்தச் சுருள் புதிதாக இருந்தபோது ஒட்டிய டேப். டயரை அவர்தான் கழற்றினார், லீவர் போடாமல், இரண்டு கட்டைவிரல்களாலும் விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளி. காய்ந்த சீலண்டை ஈரத் துணியால் துடைத்தார். மஞ்சள் கொஞ்சம் மங்கியிருந்தது. ஸ்போக் துளைகளின் மேல் குழிகள் ஒரே அளவில் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஓர் இடத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தார். பிறகு வால்விலிருந்து தொடங்கி ஒரு முழுச் சுற்று, இடது ஓரம், அதன்பின் வலது ஓரம் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நான் பேசாமல் நின்றேன். விரல் மறுபடியும் வால்வுக்கு வந்து சேர்ந்தது.

“இதைத் தொடாதீர்கள் தம்பி” என்று சொல்லிவிட்டு, புது டயரை எடுக்க உள்ளே போனார்.